சரியான விடை ஒன்று

தினமும் ஒழுங்காகப் பல் தேய்க்கிறாயா என்று கேட்டால் உண்மை சொன்ன ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை. பெரியவர்கள் சிரித்து மழுப்புவார்கள். குழந்தைகள் அம்மா முகத்தைப் பார்ப்பார்கள். நான் குழந்தைகளின் பல் மருத்துவன். இந்தப் பொய்யைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போய், கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் உதட்டைத் தூக்கிப் பார்ப்பதே என் வழக்கமாகிவிட்டது. வாய் என்ன வேண்டுமானாலும் சொல்லும். ஈறு உள்ளதைச் சொல்லிவிடும்.

நீங்கள் விசாரிக்க வந்தவர். என்ன நடந்தது, ஏன் நடந்தது என்று கேட்கிறீர்கள். நிதானமாகவே சொல்கிறேன். ஒளிக்கிற மாதிரி எதுவும் நடக்கவில்லை என்பதுதான் என் எண்ணம். எல்லாம் பட்டப்பகலில், அலுவலகத்தில், நாலு பேர் பார்க்க, முறைப்படி நடந்தது.

எங்கள் பள்ளிச் சுகாதார அலுவலகத்திலிருந்து நர்சுகள் பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் பிள்ளைகளின் ஈறுகளைப் பார்த்து எண் போடுவார்கள். இளஞ்சிவப்பாக, பல்லோடு இறுக்கமாக இருந்தால் பூஜ்யம். லேசாகச் சிவந்து தடித்திருந்தால் ஒன்று. நன்றாகத் தேய்க்கச் சொல்லி வீட்டுக்கு ஒரு சீட்டு போகும். தொட்டால் இரத்தம் வந்தால் இரண்டு; எங்கள் கிளினிக்குக்கு வர வேண்டும். தொடாமலே கசிந்தால், வீங்கிப் போய்ப் பல்லை மூடிக்கொண்டிருந்தால் மூன்று. மூன்றென்றால் பேச்சே கிடையாது, பெரிய ஆஸ்பத்திரி, இரத்தப் பரிசோதனை. அப்படிப்பட்ட ஈறு பல நேரம் பல்லைப் பற்றியதே அல்ல. உடம்புக்குள் வேறெங்கோ ஏதோ கெட்டுப்போய், அந்தச் சேதி வாசல்வரை வந்து நிற்கிறது என்று அர்த்தம்.

ஆனால் ஒரு நர்சுக்கு ஒன்றாகத் தெரிவது இன்னொரு நர்சுக்கு இரண்டாகத் தெரியும். அதே நர்சுக்கே சாப்பாட்டுக்கு முன்னால் இரண்டு, சாப்பிட்ட பிறகு ஒன்று. இதைச் சரிசெய்யத்தான் கம்ப்யூட்டர் பயிற்சியை உருவாக்கினேன். அலுவலகத்தின் பின்கட்டில், உடைந்த நாற்காலிகளும் பழைய எடை பார்க்கும் மெஷின்களும் அடைந்து கிடந்த ஓர் அறையைக் காலி செய்து, வரிசையாகக் கம்ப்யூட்டர்கள் வைத்தோம். திரையில் ஒரு குழந்தையின் திறந்த வாய் வரும். கீழே நான்கு கட்டங்கள். சரியான எண்ணை அழுத்தினால் பச்சை டிக்கும், கூடவே மணி அடிக்கிற மாதிரி ஒரு சின்னச் சத்தமும் வரும். தப்பாக அழுத்தினால் சிவப்புக் குறுக்குக் கோடு, சரியான விடை, 'மீண்டும் முயல்க' என்று ஒரு வரி. தப்பான படம் உங்களை விடாது. நாலைந்து படம் தள்ளி மறுபடியும் வந்து நிற்கும். கடன்காரன் மாதிரி, நீங்கள் ஒப்புக்கொள்ளும்வரை வரும். சரியான விடை எது என்பதை நான் முடிவு செய்வேன். யாராவது ஒருவர் முடிவு செய்யத்தானே வேண்டும்.

முதலில் அதை நேர்மையாகத்தான் செய்தேன். அதில்தான் தொல்லையே ஆரம்பித்தது. நர்சுகள் மிக நன்றாகக் கற்றுக்கொண்டார்கள். முன்பு கண்ணில் படாத மூன்றுகளெல்லாம் கண்ணில் பட ஆரம்பித்தன. பெரிய ஆஸ்பத்திரியில் கூட்டம் அலைமோதியது. எங்கள் இயக்குநர் தன் அறைச் சுவரில் ஒரு வரைபடம் மாட்டியிருந்தார், வட்டாரவாரியாக. நல்ல இடம் பச்சை, மோசமான இடம் சிவப்பு. அவர் பச்சைப் பிரியர். பயிற்சி தொடங்கிய பிறகு அந்தச் சுவர் முழுக்கச் சிவந்துவிட்டது.

"டாக்டர், உங்க பயிற்சி அருமை. நர்சுங்களும் நல்லாத் தேறிட்டாங்க. ஆனா மூணு அதிகமா வருதே" என்றார்.

பிள்ளைகளின் ஈறு சரியானால் மூன்று தானாகக் குறையும் என்று சொன்னேன்.

"அது ஆகட்டும். அதுவரைக்கும்?" என்றார்.

அவர் எனக்கு ஆணையிடவில்லை. அந்த மனிதரைப் பற்றி நீங்கள் தப்பாக எழுதிவிடக் கூடாது. 'அதுவரைக்கும்' என்றார், அவ்வளவுதான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு வேறு வேலையைப் பார்த்தார். மேலதிகாரி என்பவர் அப்படித்தான் இருக்க வேண்டும்.

பாடத்தில் ஓர் எழுத்தை நான் மாற்றவில்லை. ஒரு படத்தையும் மாற்றவில்லை. விடைகளை மட்டும் மாற்றினேன். சில மூன்றுகள் இரண்டாயின. சில இரண்டுகள் ஒன்றாயின. அடங்காத ஒன்றிரண்டு மூன்றுகள் நேரே ஒன்றுக்கு இறங்கின. பிறகு எல்லா நர்சுகளையும் திரும்பவும் பயிற்சிக்கு அழைத்தேன். காலையில் அறை முழுக்கச் சிவப்பு. முணுமுணுப்பு. ஒருவர் கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது என்றார். இன்னொருவர் கண் டாக்டரைப் பார்க்கப் போவதாகச் சொன்னார். மத்தியானத்துக்கு மேல் சத்தம் அடங்கியது. சாயங்காலம் ஒரே மணியோசை.

நர்சுகளில் மூத்தவர் போகும்போது என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். "முதல்ல புண்ணு மாதிரி இருந்துச்சு டாக்டர். இப்பப் பார்த்தா நல்ல ஈறாத்தான் தெரியுது."

மனிதக் கண்ணைப் போல விசுவாசமான பிராணி வேறு கிடையாது. நாலு தடவை அதட்டினால் சொன்ன இடத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

அந்த வருஷம் எங்கள் வட்டாரங்களில் குழந்தைகளின் ஈறு ஆரோக்கியம் வரலாறு காணாத வகையில் உயர்ந்தது. ஒரு குழந்தைகூட ஒரு தடவை கூடுதலாகப் பல் தேய்க்காமல் இதைச் சாதித்தோம். சுவர் பச்சையாயிற்று. இயக்குநர் எனக்குக் கேடயம் கொடுத்தார். மேடையில் என்னைக் கட்டிப்பிடித்ததில் அவர் சட்டைப் பேனா என் சட்டையில் மையைக் கக்கிவிட்டது. அதுவும் பச்சை மை.

ஒரே ஒருவர் மட்டும் தேறவில்லை. என்னோடு வேலை பார்த்த இன்னொரு பல் மருத்துவர், என்னைவிட வயதில் இளையவர். எதைச் சொன்னாலும் 'ஆனா' என்று ஆரம்பிப்பதால் அவருக்கு அலுவலகத்தில் 'ஆனா டாக்டர்' என்று பெயர். மூன்று என்று அழுத்தி அழுத்திச் சிவப்பை வாங்கிக்கொண்டு என் அறைக்கு வந்தார். போன வருஷம் நானே அந்தப் படத்துக்கு மூன்று போட்டிருந்ததை நினைவுபடுத்தினார். அளவுகோலைச் செம்மைப்படுத்தியிருக்கிறோம் என்று விளக்கினேன்.

"ஆனா ஈறு அதே ஈறுதானே டாக்டர்" என்றார்.

நான் சண்டை போடவில்லை. யாரோடும் சண்டை போடுகிற சுபாவம் எனக்கில்லை. மற்றவர்களோடு ஒத்துப்போகும் திறன் அவருக்குக் குறைவு, ஆகவே பிள்ளைகளைப் பரிசோதிக்கத் தகுதியில்லை என்று எழுதிக் கொடுத்தேன். இயக்குநர் அவரைக் கிடங்குக்கு அனுப்பினார், பள்ளிகளுக்குப் போகும் டூத்பிரஷ் பெட்டிகளைப் பார்த்துக்கொள்ள. பல் மருத்துவம் படித்தவருக்கு அது ஒன்றும் சம்பந்தமில்லாத வேலை அல்லவே.

இனி நீங்கள் கேட்க வந்ததற்கு வருகிறேன்.

எனக்கு உடன்பிறந்தவள் ஒரே தங்கை. ஆரம்பப் பள்ளி ஆசிரியை. அவளுக்கு ஒரே மகள், தன் அம்மாவின் பள்ளியிலேயே இரண்டாம் வகுப்பு படித்தாள். அவளை நாங்கள் எல்லோரும் 'வாயாடி' என்றுதான் கூப்பிடுவோம். பேச ஆரம்பித்தால் நிறுத்தவே மாட்டாள். என் கிளினிக்குக்கு வந்தால் பெரிய நாற்காலியில் ஏறிப் படுத்துக்கொண்டு, அதை ஏற்றி இறக்கி விளையாடுவாள். அங்கிருந்து அண்ணாந்து பார்த்து, "மாமா, உங்க மூக்குக்குள்ள முடி இருக்கு, உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்பாள். காத்திருக்கிறவர்கள் எல்லோரும் சிரிப்பார்கள். தாய்மாமனாக எனக்கு அதில் பெருமைதான். அவள்மேல் எனக்குப் பிரியம் இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கையும் அவள் வீட்டுக்காரரும் வாயாடியை அழைத்துக்கொண்டு வந்தார்கள். பிள்ளை வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு, கடிக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணே, பல் தேய்க்காமலே ரத்தம் வருது இவளுக்கு. தலகாணியெல்லாம் கறை. பள்ளிக்கூடத்துல நர்சு பார்த்தாங்க, ஒண்ணு போட்டு நல்லாத் தேய்ன்னு சீட்டுக் குடுத்துட்டாங்க. எனக்கு மனசு கேக்கல. நீ ஒரு தடவை பாரேன்" என்றாள் தங்கை.

அந்தப் பள்ளிக்குப் போகும் நர்சு என் மாணவிகளிலேயே கெட்டிக்காரி. மறுபயிற்சி முடிந்த பிறகு ஒரு சிவப்புகூட வாங்காதவர்.

வாயாடியை ஜன்னல் பக்கம் அழைத்துப்போய் உதட்டைத் தூக்கினேன். அவளுக்கு முன்பல் ஒன்று எப்போதோ ஊஞ்சலில் இடித்து மூலை உடைந்திருந்தது. பக்கத்தில் புதுப்பல் பாதி முளைத்திருந்தது. அந்தப் பாதியும் தெரியாதபடி ஈறு ஊதிப்போய், கருஞ்சிவப்பாக, பஞ்சு மாதிரி ஏறியிருந்தது. நான் தொடவில்லை. தானாகவே ஓர் ஓரத்தில் இரத்தம் துளிர்த்து நின்றது. உதட்டின் உள்பக்கம் வெளுத்துக் கிடந்தது. கீழே பார்த்தேன். முழங்காலுக்குக் கீழே நீலம் நீலமாகத் திட்டுகள். கட்டிலில் இடித்திருப்பாள் என்றார் அவள் அப்பா.

உதட்டைத் தூக்குகிற நேரம்தான் ஆகியிருக்கும். எனக்குத் தெரிந்துவிட்டது. இரத்தத்தில் வருகிற அந்தப் புற்றுநோயைப் பற்றிப் பயிற்சிப் பாடத்தில் நானே ஒரு பக்கம் எழுதியிருக்கிறேன், மிகத் தெளிவாக. சீக்கிரம் கண்டுபிடித்தால் பல பிள்ளைகள் பிழைத்துக்கொள்கிறார்கள் என்று அதில் தடித்த எழுத்தில் இருக்கும்.

என் நிலைமையையும் நீங்கள் பார்க்க வேண்டும். அந்த வாரம் வெளியிலிருந்து ஒரு நிபுணர் குழு வருவதாக இருந்தது, எங்கள் பயிற்சியைப் பார்த்துவிட்டுப் பல இடங்களுக்கு எடுத்துச் செல்ல. அவர்கள் முன்னால் செய்துகாட்டப் போவது இதே நர்சு, இதே பள்ளியில். இப்போது நான் மூன்று என்று சொன்னால் நர்சு எப்படி ஒன்று போட்டார் என்று கேள்வி வரும். நர்சு, பயிற்சியில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள் என்பார். ஒரு மூன்றைப் பிடித்து இழுத்தால் மற்ற மூன்றுகளெல்லாம் வேரோடு வரும். அதுவும் என் சொந்தத் தங்கை மகள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது. குழு வந்து போகட்டும், மறுநாளே நானே கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகலாம், ஒரு வாரத்தில் என்ன குடி முழுகிவிடும் என்று நினைத்தேன்.

"ஒண்ணுமில்லம்மா. உப்புத் தண்ணியில கொப்பளிக்கச் சொல்லு. பிரஷ் மெதுவானதா வாங்கு" என்றேன்.

தங்கையின் தோள் அப்படியே இறங்கியது. "நீ பார்த்துட்டேல்ல, போதும்" என்றாள். அவள் வீட்டுக்காரர், இதைத்தான் நானும் சொன்னேன், இவள் கேட்டால்தானே என்று சிரித்தார்.

போகும் முன் வாயாடியை இன்னொரு தடவை வாயைத் திறக்கச் சொல்லி, ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்துக்கொண்டேன். "எதுக்கு மாமா போட்டோ?" என்றாள். அன்று அவள் பேசியது அது ஒன்றுதான். அழகாக இருக்கிறது, அதனால் என்றேன்.

ஏன் எடுத்தேன் என்று முகத்தைச் சுளிக்கிறீர்கள். எனக்கு மனசு கொஞ்சம் உறுத்தியது. இப்படிப்பட்ட சமயத்தில் நல்ல மருத்துவன் பிறர் கருத்தையும் கேட்பான். ஆகவே திங்கட்கிழமை அந்தப் படத்தைப் பயிற்சியில் சேர்த்தேன், யார் வாய் என்று சொல்லாமல். விடைக் கட்டத்தில் ஒன்று என்று நிரப்பினேன். காலியாக விட்டால் கம்ப்யூட்டர் ஏற்காது.

அன்று புதிதாக வந்த நர்சுகள் ஒருவர் பாக்கியில்லாமல் முதலில் மூன்றைத்தான் அழுத்தினார்கள். சிவப்பு வந்தது. படம் திரும்பி வந்தது. ஒன்று என்பதை நம்ப மனமில்லாமல் இரண்டை அழுத்திப் பார்த்தார்கள். மறுபடி சிவப்பு. மத்தியானத்துக்குள் எல்லோரும் ஒன்றுக்கு வந்துவிட்டார்கள். நான் அவர்களுக்குப் பின்னால் நின்று, அந்த வாய்க்கு ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் பச்சை விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது எனக்கு மனசு லேசாக இருந்தது.

குழு சொன்னபடி வரவில்லை. குழுத் தலைவருக்குப் பல்வலியாம். தேதியைத் தள்ளிப்போட்டார்கள். இடையில் தங்கை போன் செய்தாள், பிள்ளைக்கு விட்டு விட்டுக் காய்ச்சல் என்று. காய்ச்சலுக்கான மாத்திரையைக் கொடுக்கச் சொன்னேன். குழு வருகிற அன்றைக்கு அவளைப் பள்ளிக்கூடம் அனுப்ப வேண்டாம் என்றும் சொன்னேன். ஓய்வு நல்லதுதானே.

குழு வந்தது. நர்சு பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி எண் போட்டுக் காட்டினார். கூடவே நின்று நான் போட்ட எண்ணும் அவர் போட்ட எண்ணும் ஒரு பிள்ளையில்கூட முரண்படவில்லை. இவ்வளவு ஒற்றுமையை வேறெங்கும் பார்த்ததில்லை என்று குழுத் தலைவர் வீங்கிய கன்னத்தோடு பாராட்டினார். அவர்கள் வண்டி ஏறிய கையோடு நான் நேரே தங்கை வீட்டுக்குப் போனேன், பிள்ளையை இரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப்போக. எனக்கு நானே கொடுத்த வாக்கு. வாக்குத் தவறுகிறவன் நானில்லை. வீடு பூட்டியிருந்தது. காலையிலேயே பிள்ளை நினைவில்லாமல் விழுந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள் என்றார் எதிர்வீட்டு அம்மா.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்தப் பிரிவின் டாக்டர் தங்கையிடம் கேட்டுக்கொண்டிருந்தார். "ஈறு ரொம்ப வீங்கியிருக்குமே, யார்கிட்டயும் காட்டலையாம்மா?"

"எங்க அண்ணனே பார்த்தாரு. இதோ, அவரே பல் டாக்டர்தான்" என்று தங்கை என்னைக் காட்டினாள்.

டாக்டர் என்னை ஒரு முறை பார்த்தார். தொழில் மரியாதை தெரிந்தவர். கையிலிருந்த அட்டையை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

நான் கட்டில் பக்கத்தில் போய் நின்றபோது வாயாடி கண்ணைத் திறந்தாள். உதடெல்லாம் காய்ந்த இரத்தம். "மாமா, நான் நல்லாத்தான் தேய்ச்சேன்" என்றாள்.

அந்த வாரம் முடிவதற்குள் அவளை இடுகாட்டில் கொண்டுபோய்ச் சேர்த்தோம். தாய்மாமன் செய்ய வேண்டியதையெல்லாம் ஒன்று குறையாமல் செய்தேன். தங்கை என் தோளில்தான் சாய்ந்து அழுதாள். நீ மட்டும் இல்லாவிட்டால் நான் என்ன செய்திருப்பேன் அண்ணே என்றாள்.

படத்தை எடுத்துவிட்டிருக்கலாம் என்பீர்கள். எடுக்கத்தான் நினைத்தேன். ஆனால் அந்த வாயில் எல்லோரும் ஒத்துப்போய்க்கொண்டிருந்தார்கள். அதை எடுத்தால் நர்சுகளின் மொத்த மதிப்பெண்ணும் இறங்கும்.

பிறகு இயக்குநர், ஆசிரியர்களுக்கும் இந்தப் பயிற்சியைக் கொடுத்தால் என்ன என்று யோசித்தார். பள்ளி பள்ளியாக அனுப்பச் சொன்னார். தங்கை அப்போதுதான் வேலைக்குத் திரும்பியிருந்தாள். அவள் பள்ளியின் முறை வந்தபோது அவளும் வந்தது எனக்குத் தெரியாது. நான் என் அறையில் இருந்தேன். கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவர் வந்து, எல்லோரும் முடித்துவிட்டுப் போய்விட்டார்கள், ஒரு டீச்சர் மட்டும் ஒரே படத்தில் மாட்டிக்கொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறார் என்றார்.

போய்ப் பார்த்தேன். காலி நாற்காலிகளுக்கு நடுவில் தங்கை உட்கார்ந்திருந்தாள். திரையில் மூலை உடைந்த முன்பல். அவள் மூன்றை அழுத்தினாள். சிவப்பு. சரியான விடை ஒன்று, மீண்டும் முயல்க. மற்ற படங்கள் எல்லாம் முடிந்துவிட்டதால் உடனே அதே படம் வந்தது. அவள் மறுபடியும் மூன்றை அழுத்தினாள். மறுபடியும் சிவப்பு. அவள் அழவில்லை. கணக்குத் தப்பாகப் போட்ட பிள்ளையின் சிலேட்டைப் பார்க்கிற மாதிரி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, இது வாயாடியோட வாய்" என்றாள், திரும்பிப் பார்க்காமல்.

ஆமாம் என்றேன்.

"அன்னைக்கு உப்புத் தண்ணின்னு சொன்னியே. அப்ப உன் கண்ணுக்கு எத்தனை தெரிஞ்சுது?"

பொய் சொல்லலாம் என்று தோன்றியது. ஆனால் அவள் என் தங்கை. "மூணு" என்றேன்.

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். "நான் தப்பா அழுத்தலையே" என்று சொல்லிவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டு போனாள். நேரே உங்களிடம்தான் வந்திருக்கிறாள். வழியில் கிடங்கில் நுழைந்து ஆனா டாக்டரையும் கூட அழைத்துக்கொண்டு வந்தாள் என்று பிறகு தெரிந்தது.

அவள் போன பிறகும் கம்ப்யூட்டர் அந்தப் படத்தோடு காத்திருந்தது. பயிற்சியை முடிக்காமல் அதை அணைக்க முடியாது. அவள் நாற்காலியில் உட்கார்ந்து நான் ஒன்றை அழுத்தினேன். மணி அடித்தது. பச்சை வந்தது.

எழுதிக்கொள்ளுங்கள். விடைகளை மாற்றியது நான்தான். ஆனா டாக்டரைக் கிடங்குக்கு அனுப்பியது நான்தான். பிள்ளைக்கு என்ன வியாதி என்று தெரிந்தே, தெரிந்த அன்றே, அவளை உப்புத் தண்ணீரோடு வீட்டுக்கு அனுப்பியதும் நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள். ஆனால் நீங்களும் கொஞ்சம் நியாயமாக யோசித்துப் பாருங்கள். இத்தனை நர்சுகள், இத்தனை ஆசிரியர்கள், அந்த ஈறுகளைப் பார்த்த அத்தனை பேரும் ஒரே குரலில் ஒன்று என்று சொல்லும்போது, நான் ஒருவன் மட்டும் எழுந்து நின்று மூன்று என்று சொல்லியிருந்தால், யார் நம்பியிருப்பார்கள்?